மூடியைத் தாண்டிய வாடை

மார்ச் 4

அண்ணிக்கு,

போனில் பேசியிருக்கலாம். பேசினால் இரண்டாவது நிமிடம் நான் கத்துவேன். மூன்றாவது நிமிடம் நீங்கள் "இரு, உன் அண்ணன்கிட்ட குடுக்கறேன்" என்று போனை நீட்டிவிடுவீர்கள். அண்ணன் "சாப்பிட்டியா?" என்று கேட்பான். ஆறு வருடமாக அவன் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். அதனால் கடிதம். தவிர, எனக்கு வேண்டியதும் எழுத்தில்தான் வேண்டும்.

மீன் பதப்படுத்தும் கம்பெனியில் தரம் பார்க்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருப்பான். வருகிற பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அரைத்து, வடிகட்டி, மீன் கெட ஆரம்பித்துவிட்டதா என்று சொல்ல வேண்டும். இதில் மூக்கை நம்பக்கூடாது. லாரிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ கழுவிக் கொண்டுவந்தால் வாடையே வராது. புளிப்பு அந்த வாயுவைப் பிடித்து உப்பாக்கி உட்கார வைத்துவிடும். நாங்கள் கொஞ்சம் பொட்டாஷ் என்ற காரம் விடுவோம். உட்கார்ந்திருந்தது எழுந்து வெளியே வந்துவிடும். அதன் பெயர் டிரைமெத்தில் அமீன். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா என்ன.

அதை அளக்க ஒரு கண்ணாடித் தட்டு உண்டு. நடுவில் சின்ன வட்டம், சுற்றிலும் ஒரு வாய்க்கால். வாய்க்காலில் மீன் சாறும் பொட்டாஷும், நடுவில் சிவப்பாக ஒரு அமிலம். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர், மேலே மூடி. ஒன்றை ஒன்று தொடவே தொடாது. ஆனால் காத்திருந்தால் நடுவில் இருக்கும் சிவப்பு பச்சையாகிவிடும். வாயு எழும்பி, சுவரைத் தாண்டி, அங்கே போய் இறங்கியிருக்கும்.

இரண்டு வருடமாக இதை ஒரு நாளைக்கு இருபது தடவை செய்கிறேன். போன செவ்வாய்க்கிழமைதான் மண்டையில் உறைத்தது. கையில் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பக்கத்தில் இருந்த பெண் "என்னக்கா, பேய் அடிச்ச மாதிரி நிக்கற?" என்றாள்.

ஞாபகம் இருக்கிறதா அண்ணி, உங்கள் ஆராய்ச்சி லேபில் நான் உதவியாளாக இருந்தபோது வளர்த்த நம் மண்வாசனைக்காரன்? மண்ணில் இருக்கும் அந்தப் பாக்டீரியாவுக்கு நான் வைத்த பட்டப்பெயர். தனியாக வைத்தால் தட்டில் சின்னப் பொட்டாக, அசையாமல் கிடப்பான். பக்கத்தில் ஈஸ்ட் வைத்தால் தட்டு முழுக்கப் பரவுவான். ஈஸ்ட் இருந்த தட்டுகளில் பரவினான், சரி. தனியாக வைத்த தட்டுகளிலும் பரவியிருந்தான். "இது எப்படி?" என்று டைரக்டர் கேட்டார். நான்தான் தட்டுகளை மாற்றிக் குழப்பிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தீர்கள். இன்குபேட்டரில் மீன் வாடை அடித்ததற்கும் என் சாப்பாட்டு டப்பாதான் காரணம் என்று எழுதினீர்கள். வேலை போயிற்று.

அந்த மீன் வாடை என் டப்பாவிலிருந்து வரவில்லை. மண்வாசனைக்காரன் விட்ட வாடை அது. ஈஸ்ட் தட்டிலிருந்து எழும்பி, மூடி இடுக்கு வழியாகப் பக்கத்துத் தட்டுக்குப் போய், அங்கே சும்மா கிடந்தவனையும் கிளப்பிவிட்டிருக்கிறது. தனித் தட்டையும் ஈஸ்ட் தட்டையும் யாரும் மாற்றிக் குழப்பவில்லை.

அரசு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைக்கப் போகிறது. தேர்வும் முடிந்து நேர்முகமும் முடிந்துவிட்டது. பழைய இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று மட்டும் வேண்டும். ஏப்ரல் 30 கடைசி நாள். என் கோப்பில் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கும் வரை அது கிடைக்காது. ஒரு வரி எழுதுங்கள். குட்டி தட்டுகளை மாற்றவில்லை என்று ஒரே வரி.

குட்டி


மார்ச் 12

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நீ எழுதவில்லை, நானாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். உன் அண்ணனுக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைத்திருக்கிறேன். அதற்கும் என் மேல்தான் கோபம்.

நீ சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீன் கம்பெனியில் ஒரு கண்ணாடித் தட்டைப் பார்த்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் நடந்ததற்குத் தீர்ப்பு எழுத முடியாது. எழுதுவதாக இருந்தால் எனக்கு எண்கள் வேண்டும். அந்தப் பாக்டீரியாவை அதன் பிறகு நான் தொடவே இல்லை. இப்போது தொடவும் நேரமில்லை. ஜூனில் டைரக்டர் ஓய்வு பெறுகிறார். துறையை நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று பேச்சு. தலைக்கு மேல் வேலை.

டப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். இன்குபேட்டரில் உன் டப்பாவை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல. "சாப்பாட்ட சூடு பண்ற இடமா இது?" என்று எத்தனை நாள் கேட்டிருப்பேன். நீ பல்லைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போவாய். பழக்கம் என்று ஒன்று இருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நேரம் தவறாதவள், சுறுசுறுப்பானவள், கண்ணாடிச் சாமான்களை உடைக்காதவள் என்று பொதுவாக ஒரு சான்று தருகிறேன். அதுவே போதுமானதாக இருக்கலாம். பழையதைக் கிளற வேண்டாம். கிளறினால் அண்ணனுக்குத்தான் கஷ்டம்.

அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

கண்ணாடிச் சாமான் உடைக்காதவள். நல்ல பட்டம், சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

டப்பா வைத்தது உண்மை. இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினோரு மணிக்கு வைத்தால் ஒரு மணிக்குக் கையில் ஏந்துகிற சூட்டில் இருக்கும். தப்புதான். அந்தத் தப்பு இருந்ததால்தான் அன்று டைரக்டர் முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. ஒன்றைச் செய்தவள் இன்னொன்றையும் செய்திருப்பாள் என்று நீங்கள் நினைத்தது இருக்கட்டும், நானே நினைத்துக்கொண்டேன். தட்டுகளை இரண்டு தனித்தனி இன்குபேட்டரில் வைத்ததாக என் நோட்டில் எழுதியிருந்தேன். பன்னிரண்டாம் நாள் திறந்தபோது எல்லாம் ஒரே இன்குபேட்டரில், ஒரே பெட்டிக்குள் இருந்தன. நான்தான் ஏதோ நினைப்பில் மாற்றி வைத்தேனோ என்று ஆறு வருடமாக என்னையே நோண்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறேன். இது நீங்கள் கொடுத்த வியாதி.

ஆனால் அந்த வாடை அடித்த அன்று டப்பா இன்குபேட்டரில் இல்லை. அப்போது உங்களோடுதானே இருந்தேன், அன்று அதை வீட்டுச் சமையலறையில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். மதியம் பட்டினி. சாயங்காலம் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன்கூட. அவனைக் கேளுங்கள்.

எண்கள் வேண்டும் என்றீர்கள். எடுங்கள். மூன்று பெட்டி போதும். முதல் பெட்டியில் மண்வாசனைக்காரன் தனியாக. இரண்டாவதில் அவனும், பக்கத்தில் மூடி போட்ட ஈஸ்ட் தட்டும். மூன்றாவதில் அதே மாதிரி இரண்டும் வைத்து, கூட ஒரு கிண்ணத்தில் வினிகர். வாடைதான் காரணம் என்றால் இரண்டாவது பெட்டியில் பரவும், மூன்றாவதில் பரவாது. வினிகர் பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டில் இருக்கும் அகார் கூழின் பி.எச். அளவையும் பாருங்கள். அமீன் இறங்கிய தட்டு காரம் ஏறிச் சோப்புத் தண்ணீர் மாதிரி ஆகியிருக்கும்.

வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பன்னிரண்டு நாள் உங்களுக்கு வேறு வேலை இருக்கும். ஏப்ரல் 30-க்கு நிறைய நாள் இருக்கிறது.

குட்டி


மார்ச் 25

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் 20-ஆம் தேதி வந்தது. அன்றே மூன்று பெட்டிகளும் வைத்தேன். மனத்தில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

நீ சொன்னது சரி. இரண்டாவது பெட்டியில் தனித்து வைத்த தட்டிலும் முழுக்கப் பரவியிருக்கிறது. ஓரம் வரை வந்து, நடுவில் சுருக்கம் சுருக்கமாக. மூன்றாவதில் பொட்டு பொட்டாக அப்படியே நிற்கிறது. பரவிய தட்டில் பி.எச். ஒன்பதரை. வைக்கும்போது ஏழுதான்.

இதோடு டைரக்டருக்கு ஒரு கடித நகல் வைத்திருக்கிறேன். படித்துப் பார். "தட்டுகள் மாற்றப்பட்டதாக அப்போது கருதப்பட்டது. இப்போதைய அறிவின்படி, காற்றில் பரவும் ஆவியின் விளைவாகவும் அது இருக்கலாம். இருவருக்கும் தெரியாமல் நேர்ந்தது, யாரையும் குறை சொல்வதற்கில்லை." நீ சம்மதம் சொன்னால் மறுநாளே கொடுத்துவிடுகிறேன். சான்றும் அதைத் தொடர்ந்து வந்துவிடும்.

ஒரு பாரம் இறங்கியது போல் இருக்கிறது. இனியாவது வீட்டுப் பக்கம் வா.

அண்ணி


மார்ச் 30

அண்ணிக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை தேதியைப் பார்த்தேன். மூன்றாவது தடவை விரல் விட்டு எண்ணினேன்.

20-ஆம் தேதி வைத்தீர்கள். 25-ஆம் தேதி எழுதுகிறீர்கள். ஐந்து நாள். மண்வாசனைக்காரன் ஐந்து நாளில் ஒரு அரிசி அளவுகூட நகர மாட்டான். ஓரம் வரை வந்து நடுவில் சுருக்கம் விழுவதற்குப் பன்னிரண்டு நாள் ஆகும். இரண்டு வருடம் காலையில் போய் அளவுகோல் வைத்து அளந்தவள் நான். நீங்கள் நான் எழுதித் தந்த எண்களை மட்டும் பார்த்தவர். அதனால்தான், பன்னிரண்டு நாள் என்று நான் எழுதியும், உங்களுக்கு நாள் கணக்கு தவறிவிட்டது.

நீங்கள் கண்ணால் பார்க்காததை எழுதுகிறவர் இல்லை. சுருக்கத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்பதரையை அளந்திருக்கிறீர்கள். ஆனால் இந்த மாதம் இல்லை.

எந்த வருடம் வைத்த பெட்டிகள் அண்ணி அவை?

இந்த நகலுக்கு நான் சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், வேலை கிடைத்துவிடும். எனக்கும் தெரியும். என்னோடு இருக்கும் பெண்ணும் அதையேதான் சொல்கிறாள். "குடுக்கறத வாங்கிக்கிட்டுப் போக்கா, வீம்பு சோறு போடுமா?" என்கிறாள். ஆனால் இதில் நீங்கள் எலுமிச்சை பிழிந்திருக்கிறீர்கள். வாடை வரவில்லை. மீன் கெட்டுத்தான் இருக்கிறது. தினமும் இந்த மாதிரிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை.

இதையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நடந்ததை எழுதுங்கள்.

குட்டி


ஏப்ரல் 14

குட்டி,

இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கிழிக்க மாட்டேன். நீ படித்துவிட்டுக் கிழித்துவிடு.

நீ வேலையை விட்டுப் போன மறு வாரம். இன்குபேட்டரைத் திறந்தேன். நீ இல்லை, உன் டப்பா இல்லை, ஆனால் மீன் வாடை அப்படியே இருந்தது. புதிதாக வைத்த ஈஸ்ட் தட்டுகள் உள்ளே இருந்தன. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மூன்று பெட்டிகள் வைத்தேன். வினிகர் கிண்ணமும் வைத்தேன். நீ இந்த மாதம் எழுதிய அதே மூன்று பெட்டிகள். யாரும் சொல்லித் தராமல் நீயாகவே அங்கே வந்து சேர்ந்திருந்தாய்.

பெட்டியை மாற்றியது நான்தான். அந்த வாரம் இரண்டாவது இன்குபேட்டரின் மோட்டார் நின்றுவிட்டது. நீ குழாயடியில் கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தாய். உன் தட்டுகளைத் தூக்கி முதல் இன்குபேட்டரில் ஈஸ்ட் பெட்டிக்குள்ளேயே அடுக்கினேன். மூடிதான் இருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்ல மறந்தேன். பன்னிரண்டு நாள் கழித்து டைரக்டர் கேட்டபோது ஞாபகம் வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கல்லூரியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். தவறு செய்துவிட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. உன்னைச் சொல்வது எளிதாக இருந்தது. நீ வீட்டுப் பெண், கோபம் ஆறிவிடும், வேறு வேலை வாங்கித் தந்துவிடலாம் என்று நினைத்தேன்.

டப்பா விஷயமும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அது சமையலறை மேடையில் திறக்காமல் இருந்தது. உள்ளே சோறும் மீனும் புளித்துப்போயிருந்தன. நான்தான் கொட்டிக் கழுவி வைத்தேன். அறிக்கையை எழுதியது மறுநாள் காலை.

உன் அண்ணனுக்கும் தெரியும். அதே மாதம் மழை நாளில் குடை கொடுக்க லேபுக்கு வந்தார். கதவருகே நின்று மூக்கைச் சுளித்தார். "என்ன மீன் வாடை? அவதான் இப்ப இங்க இல்லையே" என்றார். நான் இன்குபேட்டர் கதவைச் சாத்தினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு "குடைய மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு ஒரு நாளும் அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே மேசையில் ஆறு வருடம் சாப்பிட்டிருக்கிறோம்.

அடுத்த மாதம் சொல்லலாம் என்று நினைத்தேன். மாதம் வருடமாயிற்று. மூன்று வருடம் முன்பு வேறெங்கோ இருப்பவர்கள் இதையே கண்டுபிடித்து எழுதினார்கள். மண் பாக்டீரியா ஒன்று டிரைமெத்தில் அமீன் விட்டு, தொலைவில் இருக்கும் தன் இனத்தையும் நகர வைக்கிறது, அந்தக் காற்றில் மற்றக் கிருமிகள் தளர்ந்துபோகின்றன என்று. எல்லோரும் பேசினார்கள். வாரக் கூட்டத்தில் அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் வியந்தார்கள். நானும் வியப்பது போல் உட்கார்ந்திருந்தேன். என் அலமாரியில் நம் எண்கள் இருந்தன. உன் பெயரோடு என் பெயரும் வந்திருக்கும் குட்டி. உன்னைக் கெடுத்து நானும் கெட்டேன்.

ஜூன் வரை பொறு. பொறுப்பு என் கைக்கு வந்ததும் உன் கோப்பை நானே திருத்துகிறேன். யாரும் கேட்க மாட்டார்கள். ஏப்ரல் 30 போனால் போகட்டும், வேறு வேலை வரும். இப்போது சொன்னால் எனக்கு எல்லாம் போய்விடும்.

அண்ணி


ஏப்ரல் 21

அண்ணிக்கு,

நீங்கள் ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது, அதனால் நானே எழுதுகிறேன். இன்று காலை பஸ் ஏறி வந்து உங்கள் கடிதத்தை டைரக்டரிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் அப்போது வகுப்பில் இருந்தீர்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது உங்களுக்கு.

இரண்டு நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கிழிக்கச் சொன்னீர்கள், இரண்டு தடவை கிழிக்கப் போனேன். ஜூன் வரை பொறு என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது. ஆறு வருடம் பொறுத்தவளைப் பார்த்து இன்னும் இரண்டு மாதம் பொறு என்று எப்படி எழுத முடிந்தது? அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் கிழித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்ய மாட்டேன்.

எழுத்தில் கேட்டேன். எழுத்தில் கொடுத்தீர்கள்.

பெட்டியை நீங்கள் மாற்றியதைக்கூட மன்னித்திருப்பேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் காலை அதே கையால் எழுதினீர்களே. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

குட்டி


மே 9

குட்டிக்கு,

டைரக்டர் கூப்பிட்டு உன் கடிதத்தை, இல்லை, என் கடிதத்தை மேசையில் வைத்தார். "இது உங்க கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் உன்னிடம் மறைக்க வேண்டாம்.

விசாரணை இரண்டு வாரம் நடந்தது. உன் கோப்பில் எழுதியிருந்ததை நீக்கிவிட்டார்கள். தாள் உனக்கு வரும். என்னை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். நேற்று இன்குபேட்டரைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் அண்ணனுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சு என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

சமையலறை அலமாரியை ஒழித்தபோது உன் சாப்பாட்டு டப்பா கிடைத்தது. மூடியில் நீ கீறிய பெயர்கூட அழியாமல் இருக்கிறது. அனுப்பட்டுமா?

அண்ணி


மே 16

அண்ணிக்கு,

தாள் வந்தது. குட்டி தட்டுகளை மாற்றவில்லை என்று முத்திரையோடு இருக்கிறது. ஆனால் 30-ஆம் தேதிக்கு உங்கள் விசாரணை முடிந்திருக்கவில்லை. பட்டியலில் எனக்கு அடுத்து இருந்தவருக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள். போன் செய்து கேட்டேன், வருத்தம் தெரிவித்தார்கள். உங்கள் நகலுக்குச் சம்மதம் சொல்லியிருந்தால் இன்று நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. எரியவில்லை என்று எழுத எனக்கு வராது.

இங்கே வழக்கம் போல நாளைக்கு இருபது தட்டு. சிவப்பு, பச்சை.

டப்பாவை அனுப்ப வேண்டாம். அண்ணனுக்கு அதில் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுங்கள். தினமும் ஆபீசில் அவனே மூடியைத் திறக்கட்டும். ஒரு மணிக்கு நான் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்.

குட்டி